தறித் தெருவில் ஒரு தேநீர்க் கடை

ஆரணிப் பட்டு என்றால் நாம் புடவையை நினைக்கிறோம். அது பிறக்கும் தெருவை நினைப்பவர் சிலரே. அங்கே வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. கூடத்தில் குழித்தறி, அதனருகே அடுப்பும் தொட்டிலும். இத்தகைய தெருவில் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையைத் தேநீர்க் கடையாக்க முற்பட்டால், அண்டை வீட்டார் இரண்டுபட்டு நிற்பதில் வியப்பில்லை.

வேண்டாம் என்போரின் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. கடை வந்தால் பெஞ்சு வரும்; பெஞ்சு வந்தால் புகைப்பவரும் வீண்பொழுது போக்குவோரும் வருவர். பாத்திரம் கழுவிய நீர் தெருவில் ஓடினால், அதிகாலையில் அங்கே பாவு விரிப்பவர் என் செய்வார்? கண்ணை இழையில் வைத்துப் பிழைப்பவருக்கு இரைச்சலும் இடையூறே.

எனினும் மறுபக்கம் ஒன்றுண்டு. குழியில் கால்விட்டு மணிக்கணக்கில் நெய்பவர் முதுகை நிமிர்த்தி வெளியே வர ஓரிடம் வேண்டாமா? தனித்தனி வீட்டில் அடைபட்டிருப்பவர், அடுத்த தெருவில் என்ன கூலி தருகிறார்கள் என்பதைக் கேட்டறிவது பெரும்பாலும் தேநீர்க் கடையில்தான். நூல் சுற்றித்தரும் பெண்களுக்கோ அந்தப் பெஞ்சில் இடமில்லை. அவர்களது தேநீர் தூக்குப் பாத்திரத்தில் வீட்டிற்கு வருகிறது. இதைப் பற்றி எத்தரப்பாரும் பேசுவதில்லை என்பது நமக்குக் குறையாகவே படுகிறது.

பெஞ்சில் யார் அமரலாம் என்பது தமிழகத்தில் பழைய வழக்கு. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே என்ற உணவுக்கடையின் பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றக் கோரிப் பெரியார் மறியல் நடத்தினார். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். அதற்கு முன்பே, 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவுக்கடையில் நுழைவதையும் அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பது குற்றம் என்றது. ஆயினும் இரட்டைக் குவளை வழக்கம் சிற்றூர்க் கடைகளில் நெடுங்காலம் நீடித்தது. ஞாயிறன்று ஒரே பந்தியில் முழந்தாளிடும் நாமும், ‘கண்டவர்கள் வருவார்கள்’ என்று கடையை எதிர்க்கும்போது, ‘கண்டவர்கள்’ என்று யாரைக் குறிக்கிறோம்?

நகராட்சி உரிமமும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் பெறுவது கடைக்காரர் பொறுப்பு. கழிவுநீர்க் கால்வாய், கடை மூடும் நேரம், வானொலியின் ஒலி ஆகிய மூன்றையும் தெருவார் அவரோடு அமர்ந்து பேசிக்கொள்ளலாம். அப்பேச்சுக்கு நூல் சுற்றும் பெண்களையும் அழைக்கட்டும்.