அன்னாசி விற்ற நாடு இருதய வால்வு விற்கிறது

கோஸ்டா ரிக்கா என்ற பெயரை நம் பிள்ளைகளில் பலர் கால்பந்து உலகக் கோப்பையில்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். 2014-ல் கால் இறுதி வரை வந்து எல்லோரையும் ஆச்சரியப்படுத்திய அணி அது. நிக்கராகுவாவுக்கும் பனாமாவுக்கும் நடுவே உள்ள அந்த நாடு பரப்பில் தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. மக்கள் தொகை ஏறத்தாழ 50 லட்சம். காப்பி, வாழைப்பழம், அன்னாசி என்று தோட்டப் பயிர்களை விற்றுத்தான் நெடுங்காலம் பிழைத்தார்கள். இன்றும் உலகத்திலேயே அதிகமாக அன்னாசி ஏற்றுமதி செய்வது அவர்கள்தான்.

ஆனால் அந்த நாட்டிலிருந்து வெளியே போகும் சரக்குகளில் இப்போது முதலிடம் பழத்துக்கு இல்லை, மருத்துவக் கருவிகளுக்கு. 2023-ல் மட்டும் 700 கோடி டாலருக்கு மேல் மருத்துவக் கருவிகள் ஏற்றுமதி ஆயின. பொருள் ஏற்றுமதியில் இது ஐந்தில் இரண்டு பங்கு. சுமார் 50,000 பேர் இந்தத் தொழிலில் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள்.

நம் வீட்டுப் பெரியவர் யாருக்காவது ஆஞ்சியோ செய்திருந்தால், கையிலோ தொடையிலோ உள்ள ரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இருதயம் வரை கொண்டு போனார்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அந்தக் குழாய்க்குப் பெயர் கதீட்டர். அடைப்பை விரிக்க அதன் நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும். விரித்த இடம் மறுபடி சுருங்காமல் தாங்குவதற்கு வைப்பது ஸ்டென்ட். நெஞ்சைப் பிளக்காமலே குழாய் வழியாகக் கொண்டு போய்ப் பொருத்தும் இருதய வால்வுகளும் இப்போது வந்துவிட்டன. இந்த வகைப் பொருள்களைத்தான் அலாஹுவேலா, ஹெரேதியா, கார்த்தாகோ ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் தயாரிக்கிறார்கள். அபாட், பாஸ்டன் சயன்டிஃபிக், எட்வர்ட்ஸ் போன்ற பெரிய கம்பெனிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன.

நலப்பணி இதழில் தூரத்து நாட்டின் ஏற்றுமதிக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். மருத்துவத் துறை என்றால் டாக்டர், மிஞ்சினால் நர்ஸ் அல்லது மருந்துக்கடை என்றுதான் நம் குடும்பங்கள் நினைக்கின்றன. நீட் கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு அந்தக் கதவே மூடிவிட்டது என்று மனம் உடைந்து போகிறோம். கோஸ்டா ரிக்காவில் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவைத் திறந்தார்கள். அதன் வழியாக உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்போடு கைத்தொழில் பயிற்சியும் பெற்ற சாதாரண வீட்டுப் பிள்ளைகள்.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. 1981-ல் அந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கை விரித்தது. காப்பியையும் வாழைப்பழத்தையும் மட்டும் நம்பினால் விலை விழும்போதெல்லாம் நாடும் விழும் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஆண்டே, வெளிநாட்டு முதலீட்டைத் தேடிக் கொண்டுவருவதற்காக 'சிந்தே' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு உருவானது. 1987-ல் பாக்ஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவக் கம்பெனி வந்தது. 1990-ல் ஏற்றுமதி மண்டலங்களுக்கான சட்டம் போட்டார்கள். 1990-களின் கடைசியில் கணினிச் சிப் செய்யும் இன்டெல் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2004-ல் பாஸ்டன் சயன்டிஃபிக் வந்த பிறகு இருதயக் கருவிகள் செய்யும் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

வரிச்சலுகை கொடுத்தால் கம்பெனி வரும் என்பது உண்மைதான். ஆனால் வரிச்சலுகை கொடுக்கும் நாடுகள் எத்தனையோ இருக்கின்றன. இவர்களிடம் என்ன இருந்தது என்று பார்த்தால் பதில் இன்னும் பின்னால் போகிறது. ஆரம்பக் கல்வி இலவசம், கட்டாயம் என்று 1869-லேயே அரசியல் சட்டத்தில் எழுதி வைத்த நாடு அது. 1941-ல் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு தரும் பொது நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1948-ல் ராணுவத்தையே கலைத்துவிட்டார்கள். துப்பாக்கிக்குப் போகும் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகட்டும் என்று. இதை எல்லா நாடும் செய்ய முடியாது, எல்லைப் பிரச்சினை உள்ள நாடுகளுக்கு அது கனவுதான். ஆனால் அவர்கள் செய்தார்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது 1965-ல் தொடங்கிய 'இனா' என்ற தேசியப் பயிற்சி நிறுவனம். நம்மூர் ஐ.டி.ஐ. மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். முதலாளிகள் கொடுக்கும் சம்பளத் தொகையில் ஒரு சிறு சதவீதம் இதற்குப் போகிறது. படிப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. வெல்டிங், பிளாஸ்டிக் மோல்டிங், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் கற்றுத் தருகிறார்கள். ஆங்கிலமும் கற்றுத் தருகிறார்கள். ஸ்பானிய மொழி பேசும் நாட்டில் அமெரிக்கக் கம்பெனியின் வேலைக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள ஆங்கிலம் வேண்டுமே.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கதீட்டர் செய்யும் இடத்தைக் கிளீன் ரூம் என்பார்கள். காற்றை வடிகட்டித்தான் உள்ளே விடுவார்கள். மேலங்கி, முகமூடி, கையுறை, காலுறை இல்லாமல் யாரும் நுழைய முடியாது. நகை, ஒப்பனை எதுவும் கூடாது. தலைமுடி ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது. (பெண் பிள்ளை வேலைக்குப் போனால் உடை என்னாகும் என்று கவலைப்படும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம். ஆண், பெண் எல்லோரும் அங்கே முழுக்க மூடிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.) மைக்ராஸ்கோப்பின் கீழே, ரத்தக் குழாய்க்குள் போகிற அளவுக்கு மெல்லிய குழாயில் பலூனை ஒட்ட வேண்டும். பின்னல் வேலை, எம்பிராய்டரி செய்து பழகிய கைகளுக்கு அந்த நுணுக்கம் சீக்கிரம் வரும்.

கை நுணுக்கம் மட்டும் போதாது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு லாட் எண் இருக்கும். எந்த மூலப்பொருள், எந்த மெஷின், எந்த நாள், யார் செய்தார், யார் சோதித்தார் என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்து ஆண்டுகள் கழித்தும் கண்டுபிடிக்க முடியும். பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் அழிப்பதற்கோ வெள்ளை மை பூசுவதற்கோ அனுமதி இல்லை. படிக்கும்படி ஒரே கோடாக அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். தவறு நடந்தது தெரிந்தால் பரவாயில்லை, மறைத்தால்தான் குற்றம் என்பது அந்தத் தொழிலின் சட்டம்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிரான்சில் நடந்ததே சாட்சி. பி.ஐ.பி. என்ற கம்பெனி மார்பில் பொருத்தும் சிலிக்கான் பைகளைச் செய்து பல நாடுகளுக்கு விற்றது. மருத்துவத்துக்கு உரிய சிலிக்கானுக்குப் பதிலாகத் தொழிற்சாலைத் தரச் சிலிக்கானை நிரப்பியது 2010-ல் வெளியே வந்தது. புற்றுநோய் அறுவைக்குப் பிறகு நம்பிப் பொருத்திக்கொண்ட பெண்களும் பாதிக்கப்பட்டார்கள். கம்பெனி மூடப்பட்டது, நிறுவனர் சிறைத் தண்டனை பெற்றார். அதே வகைப் பொருளைச் செய்யும் எஸ்டாப்ளிஷ்மென்ட் லேப்ஸ் என்ற நிறுவனம் கோஸ்டா ரிக்காவிலேயே 2004-ல் பிறந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி அதற்குக் கிடைத்தது 2024-ல்தான். சொந்தக் காலில் நின்று நம்பிக்கை பெற இருபது ஆண்டு. நோயாளி அந்தப் பொருளைத் திறந்து பார்க்க முடியாது. செய்தவரின் அமானத்தை நம்பித்தான் உடம்புக்குள் வைத்துக்கொள்கிறார்.

தொடக்கத்தில் செய்ததெல்லாம் டிரிப் ஏற்றும் குழாய் போன்ற எளிய பொருள்கள். அவற்றைத் தரமாகச் செய்து காட்டியதால் கடினமான பொருள்கள் வந்தன. பிறகு அச்சு செய்பவர்கள், பிளாஸ்டிக் வார்ப்பவர்கள், பேக்கிங் செய்பவர்கள், கிருமி நீக்கம் செய்து தருபவர்கள் என்று துணைத் தொழில்கள் சுற்றிலும் வளர்ந்தன. சரக்கு எடை குறைவு, மதிப்பு அதிகம் என்பதால் விமானத்திலேயே அனுப்பலாம். அலாஹுவேலாவின் பெரிய தொழிற்பேட்டை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது தற்செயல் இல்லை.

இதிலே குறை இல்லாமல் இல்லை. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் வெளிநாட்டவை. பல ஆண்டுகளுக்கு வரி இல்லை, அல்லது குறைந்த வரி. அதனால் ஏற்றுமதி பெருகும் அளவுக்கு அரசாங்கத்தின் கையில் பணம் பெருகுவதில்லை. தலைநகரைச் சுற்றிய மத்தியப் பள்ளத்தாக்கில் வேலைகள் குவிந்திருக்க, கடலோர மாவட்டங்கள் பின்தங்கியே இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கம்பெனிகளின் வாசலே தெரியாது. கம்பெனி வந்தது போலப் போகவும் செய்யும். 2014-ல் இன்டெல் தன் உற்பத்திப் பிரிவை மூடியபோது 1,500 பேர் வேலை இழந்தார்கள். சரக்கில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போவதால் அங்கே தும்மினால் இங்கே சளி பிடிக்கும். 2025-ல் அமெரிக்கா முதலில் 10 சதவீதம், பிறகு 15 சதவீதம் என்று இறக்குமதி வரி போட்டபோது அந்தப் பயம் நிஜமானது.

நம் பக்கத்திலும் இதற்கு விதை இல்லாமல் இல்லை. மதுரையில் 1992-ல் தொடங்கிய ஆரோலேப், கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸைச் செய்து 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புகிறது. அதற்கு முன் அந்த லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்றே தொழிற்பூங்கா அமைக்கும் வேலை நடக்கிறது. நம் நாடு இன்னும் பெரும்பாலான கருவிகளை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. அதனால் வேலைக்கு இடம் இருக்கிறது.

பத்தாவது முடித்த பிள்ளைக்கு கிண்டியில் உள்ள சிப்பெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம், பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பம் என்று மூன்றாண்டு டிப்ளமோ படிப்புகள் இருக்கின்றன. ஐ.டி.ஐ.யில் டூல் அண்டு டை மேக்கர், பாலிடெக்னிக்கில் பயோமெடிக்கல் டிப்ளமோ ஆகியவையும் இந்தத் தொழிலுக்கு நேராகப் போகும் வழிகள். வளைகுடாவுக்குப் போகத்தான் வேண்டும் என்றாலும், கையில் தொழில் இல்லாமல் போவதைவிட மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கத் தெரிந்து போவது வேறு. பெண் பிள்ளைகள் என்றால் ஷிப்டு நேரம், கம்பெனி பஸ், தங்கும் இடம் இவற்றைப் பெற்றோர் நேரில் போய் விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரிக்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

கல்வி உதவி கேட்டு எங்களிடம் வரும் மனுக்கள் பெரும்பாலும் பட்டப் படிப்புக்காகவே வருகின்றன. ஐ.டி.ஐ., டிப்ளமோ படிப்பவர்களுக்கும் அதே உதவி உண்டு. மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கடிதம், மஹல்லா ஜமாஅத்தின் கடிதம் மூன்றும் இருந்தால் போதும். படிவம் டிரஸ்ட் அலுவலகத்தில் கிடைக்கும். எந்தப் படிப்பு என்று முடிவாகாதவர்களும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வரலாம், உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.