காலியாக ஒரு வண்டி, நிறைந்தால் வேறொரு வண்டி

சரக்கு ஏற்ற ஒரு வண்டி, விரைந்து ஓட ஒரு வண்டி என்று பிரித்துப் பார்ப்பதே நம் வழக்கம். இவ்விரண்டையும் ஒரே உடலில் அடக்கிப் பார்க்கும் ஆசை ஐரோப்பியப் பொறியாளருக்கும் ஜப்பானியப் பொறியாளருக்கும் நெடுநாளாக உண்டு. ஜெர்மனியின் ஆடி நிறுவனம் போர்ஷேயின் துணையோடு 1994இல் வெளியிட்ட ஆர்எஸ்2 அவான்ட், 315 குதிரைத்திறன் கொண்ட ஸ்டேஷன் வாகன். அதே ஆண்டில் ஸ்வீடனின் வால்வோ நிறுவனம் தன் 850 எஸ்டேட் வண்டியைப் பிரிட்டனின் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கியது. நாயும் நாற்காலியும் ஏற்றிச் செல்லும் வண்டி பந்தயச் சாலையில் பாய்வதைக் கண்டு சிரித்தவர் பலர், வியந்தவரும் பலர். ஜப்பானில் சுபாரு லெகஸி டர்போ வாகனுக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் வளர்ந்தது. இந்தியாவிலோ 1992இல் டாட்டா எஸ்டேட் வந்தும் இவ்வகை வேரூன்றவில்லை. ஆயினும் இவ்வண்டியின் சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுப்பது இயற்பியல் மாணவனுக்குச் சுவையான கணக்கு. போட்டிகளுக்காக வண்டி கட்டும் நம் பொறியியல் நண்பர்களுக்கும் அது பயன்படும்.

காரின் கூரையைப் பின்கோடி வரை நீட்டி, டிக்கியையும் உள்ளறையையும் ஒன்றாக்கினால் அது ஸ்டேஷன் வாகன். விரைவு வாகன் வைத்திருப்போரில் பலர், கம்பெனி கொடுத்த சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டுத் திருத்தக்கூடிய ஒன்றைப் பொருத்துகின்றனர். 'காயில் ஓவர்' என்று கடைகளில் வழங்கும் அவ்வமைப்பில் ஷாக் அப்சார்பரின் உடல்மீது திருகுமரை வெட்டியிருக்கும். மரையில் ஒரு வளையம், வளையத்தின்மேல் ஸ்பிரிங். வளையத்தைத் திருகினால் வண்டி ஏறும், இறங்கும். உச்சியிலோ அடியிலோ உள்ள குமிழைத் திருப்பினால் ஷாக் அப்சார்பரின் தடை கூடும், குறையும். ஆனால், வண்டியைத் தாழ்த்தி அழகு பார்க்கவே இதை வாங்குவோர் மிகுதி. சாதாரணக் காரில் அந்த ஆசை இடுப்பு வலியோடு போகும். வாகனில் அப்படிப் போவதில்லை.

ஏன் என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம். ஏறத்தாழ 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு வாகன். சக்கரம், பிரேக்கு முதலியவற்றை நீக்கினால், ஸ்பிரிங்குகள் தாங்கும் எடை முன்சக்கரம் ஒவ்வொன்றின்மீதும் 375 கிலோ, பின்சக்கரம் ஒவ்வொன்றின்மீதும் 300 கிலோ எனக் கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க முன்னால் 27 நியூட்டனும் பின்னால் 25 நியூட்டனும் வேண்டும். ஆய்வகத்தில் சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டு அலைவு எண்ணிய நாள் நினைவிருக்கிறதல்லவா? அதே வாய்பாட்டின்படி முன்புறம் வினாடிக்கு 1.35 முறையும், பின்புறம் 1.45 முறையும் அலையும்.

பின்புறம் சற்று விரைந்து அலைவது தற்செயல் அன்று. 1930களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர் இதை ஆராய்ந்து நிறுவினார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் சிறிது நேரம் கழித்தே ஏறும். பிந்தித் தொடங்கிய பின்புறம் விரைந்து அலைந்தால் முன்புறத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி தொட்டிலாகாமல் மட்டமாக ஓடும்.

இப்போது பின்னிருக்கையில் ஆட்களும் அவர்களுக்குப் பின்னால் மூட்டைகளும் ஏறட்டும். பின் அச்சின்மேல் மட்டும் 200 கிலோ கூடுகிறது. சக்கரத்துக்கு 100 கிலோ. பின்புறத்தின் அலைவு 1.45இலிருந்து 1.26ஆக இறங்கிவிடும். முன்புறத்தைவிட விரைவாக இருந்தது இப்போது அதைவிட மெதுவாகிவிட்டது. ஆலி கண்ட ஒழுங்கு தலைகீழாயிற்று. அதுமட்டுமா? பின்புறம் 39 மில்லிமீட்டர் அமுங்கியும் விட்டது.

இந்த 39 என்னும் எண்ணில்தான் ஆபத்து இருக்கிறது. காலி வண்டியில் சக்கரம் மேலெழுவதற்கு 80 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்போம். அழகுக்காக 40 தாழ்த்தினார் உரிமையாளர். சுமை 39ஐ எடுத்துக்கொண்டது. எஞ்சியது 1 மில்லிமீட்டர். அதற்கு மேல் இருப்பது பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் முட்டு. ஸ்பிரிங் முட்டில் உட்கார்ந்துவிட்டால் பின்புறம் நொடிப்பொழுதில் பலமடங்கு கடினமாகும். வளைவில் திரும்பும்போது இது நேர்ந்தால், பக்கவாட்டில் மாறும் எடையில் பெரும்பங்கு வெளிப்புறப் பின்டயரின்மேல் விழும், டயர் பிடிப்பை இழக்கும், வால் சுழலும். சாலை ஈரமாகவும் வண்டி நிறைய ஆட்களும் இருக்கும்போது நேரக்கூடியது இது. காலி வண்டியை ஓட்டிப் பார்த்து 'அருமை' என்றவருக்கு இது தெரிய வழியே இல்லை.

ஆகவே தேர்வில் முதல் கேள்வி, எவ்வளவு தாழ்த்தலாம் என்பதன்று. எவ்வளவு ஏற்றுவோம் என்பதே. மேற்சொன்ன வண்டிக்குப் பின்னால் 35 நியூட்டன், முன்னால் 34 நியூட்டன் என்று மாற்றிப் பார்ப்போம். காலியாக இருக்கையில் பின்புறம் 1.72, முன்புறம் 1.52, நிறைந்தபின் பின்புறம் 1.49. ஒழுங்கு மயிரிழை தலைகீழானாலும் வேறுபாடு மிகச் சிறியது. அமுங்குவதும் 28 மில்லிமீட்டரோடு நிற்கிறது. காலியாக ஓடும்போது கொஞ்சம் தூக்கிப் போடும். அது வாகன்காரர் கொடுக்க வேண்டிய விலை. பந்தயத்துக்கென்று 50க்குத் தாவினால் காலி வண்டியின் பின்புறம் 2 அலைவைத் தாண்டிவிடும். மேடு பள்ளமான சாலையில் டயர் தரையில் பதியாமல் துள்ளும். அன்றாட வண்டிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

ஸ்பிரிங் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே சக்கரத்துக்குப் பொருத்திவிடக் கூடாது. ஜப்பானியக் கடைகளில் '5 கிலோ ஸ்பிரிங்' என்றால் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 5 கிலோ எடை வேண்டும் என்று பொருள். அதாவது 49 நியூட்டன். ஆனால் ஸ்பிரிங் சக்கரத்தின் நேர்மேலே நிற்காமல், நெம்புகோல் போன்ற கையின் உட்புறத்தில் நிற்கும் வண்டிகள் உண்டு. சக்கரம் 10 மில்லிமீட்டர் எழும்போது ஸ்பிரிங் 7 மட்டுமே அமுங்கினால், 0.7இன் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 49 நியூட்டன், சக்கரத்தில் 24 ஆகிவிடும். நண்பனின் வண்டிக்குப் பொருந்திய எண் நம் வண்டிக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது தவறு. ஒரே சீராகச் சுற்றிய ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. வண்டியின் எடை மாறவில்லை. ஆகவே ஸ்பிரிங் அமுங்கும் அளவும் மாறவில்லை. வளையம் எவ்வளவு ஏறியதோ அதற்கேற்ப வண்டி உயர்கிறது; அவ்வளவே. ஸ்பிரிங்கிலிருந்து எடை முற்றும் நீங்கி, ஷாக் அப்சார்பர் முழுநீளம் நீண்டுவிடும் கணத்தில்தான் இறுக்கம் தன் வேலையைக் காட்டும்.

உயரம் திருத்தும் முறையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வளையம் மட்டுமே நகரும். தாழ்த்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஷாக் அப்சார்பர் மேலெழ உள்ள இடத்தைத் தின்னும். மற்றதில் அடிப்பகுதியையே தனியாகத் திருகி மொத்த நீளத்தைக் குறைக்கலாம். உள்ளே பிஸ்டன் ஓடும் இடம் அப்படியே இருக்கும். வாகனுக்கு இரண்டாம் வகையே ஏற்றது. அதற்காக எல்லையின்றித் தாழ்த்த முடியாது; டயர் சக்கர வளைவில் இடிக்கும். ஜப்பானின் வாகனச் சோதனையில் தரைக்கும் வண்டிக்கும் இடையே 9 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி. மேலும், மிகவும் தாழ்த்தினால் கீழ்க்கைகள் சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்து நிற்கும். மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வண்டிகளில் அப்போது சாய்வு மையம், வண்டியின் ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாக இறங்கிவிடும். தாழ்த்திய வண்டி அதே ஸ்பிரிங்கில் வளைவில் முன்னைவிட அதிகம் சாய்வது இதன் விளைவு.

இனிக் குமிழ். சுமை ஏறினால் ஷாக் அப்சார்பரின் தடையும் போதாமற்போகும். எடை மூன்றில் ஒரு பங்கு கூடினால், பழைய அடக்கம் கிடைக்கத் தடையை ஏறத்தாழ 15 விழுக்காடு கூட்ட வேண்டும். குமிழின் ஒரு 'கிளிக்' எத்தனை விழுக்காடு என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஓட்டித்தான் அறிய வேண்டும். குமிழை முழுதும் மூடி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே திறவுங்கள். இடமும் வலமும் ஒரே எண். ஒருமுறைக்கு ஒரு மாற்றம். அதே சாலை, அதே வேகம். எண்களைக் குறித்து வைக்க ஒரு குறிப்பேடு கட்டாயம் வேண்டும். மேட்டுக்குப் பின் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால் தடை குறைவு. அடுத்தடுத்த மேடுகளில் வண்டி படிப்படியாகத் தரையை நோக்கி அமிழ்ந்துகொண்டே போனால் மீள்தடை மிகுதி. ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது.

பொருத்தும் வேலையில் பலர் மறப்பது புஷ்களை. கைகளின் மூட்டுகளிலுள்ள அந்த ரப்பர் உருளைகள், போல்ட்டை இறுக்கும் நிலையிலேயே பிடிபட்டுவிடும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். விரைவில் கிழியும், உயர அளவும் பொய்யாகும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே இறுதி இறுக்கம். பிறகு சமதரையில், ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்து, சக்கர நடுவிலிருந்து மேல்விளிம்பு வரை நான்கு மூலைகளையும் அளக்க வேண்டும். கடைசியில் வீல் அலைன்மென்ட். முன்விளக்குகளின் சாய்வையும் சரிசெய்ய வேண்டும்.

நான்கு தராசுகள் கிடைத்தால் இன்னும் நல்லது. நம் விடுதி உணவுக்கூடத்து மேசை ஆடும்போது ஒரு காலின் அடியில் காகிதம் மடித்து வைக்கிறோமே, வண்டியிலும் அதே கதைதான். ஒரு மூலையின் வளையத்தை ஏற்றினால் அம்மூலையும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையும் எடையை வாங்கும். மற்ற இரண்டும் இழக்கும். குறுக்குச் சோடிகள் இரண்டும் பாதிப்பாதி எடை சுமந்தால், இடத்திருப்பமும் வலத்திருப்பமும் ஒன்றுபோல் இருக்கும்.

இவ்வளவு தொல்லையும் வேண்டாதார்க்குக் கம்பெனிகளே வழி செய்திருக்கின்றன. மெர்சிடிஸ் எஸ்டேட்டுகளில் சுமைக்கேற்பப் பின்புறத்தைத் தானே உயர்த்தும் அமைப்பு பல தலைமுறைகளாக உண்டு. வால்வோவின் சில வாகன்களில் நிவோமாட் என்னும் ஷாக் அப்சார்பர், ஓட்டத்தின் ஆட்டத்தையே கொண்டு தன்னை உயர்த்திக்கொள்ளும். அதுவும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் அவ்வண்டிகளின் ஸ்பிரிங் மெலிதாகவே இருக்கும். அதை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால் வால் தொங்கிவிடும். 2003இல் விற்பனைக்கு வந்த வால்வோ வி70 ஆர் வாகனில் மின்கருவி வினாடிக்கு 500 முறை தடையைத் திருத்தியது. குடும்பத்தோடு செல்பவருக்கு இவைதாம் ஏற்றவை என்பேன்.

நம் நாட்டுச் சாலையில் ஓடும் வண்டியில் இதைச் செய்ய நினைப்போர் சட்டத்தையும் அறிய வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டியின் நிலை வேறு.

வண்டி இல்லாதவரும் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அலைபேசியிலுள்ள முடுக்கமானியை இயக்கி, நண்பரின் காரில் பின் அச்சுக்கு நேர்மேலே தரையில் படுக்க வையுங்கள். பின்புறத்தை இருவர் அழுத்தி விடட்டும். வரைகோட்டின் ஓர் அலைக்கு எவ்வளவு நேரம் என்று அளந்து கொள்ளுங்கள். பிறகு பின்னிருக்கையில் மூவரை உட்காரவைத்து மீண்டும் செய்யுங்கள். ஷாக் அப்சார்பர் நல்ல நிலையில் இருந்தால் ஓர் அலைக்கு மேல் தெரியாது. அந்த ஒன்றே இரண்டாம் முறை நீண்டிருக்கும்.