மதர்போர்டு வாங்கப் போறீங்களா? ஸ்கேலை எடுங்க!



கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய அட்டை இருக்கும். அதுதான் மதர்போர்டு, அதாவது தாய்ப்பலகை. பிராசஸர், ராம், ஹார்டு டிஸ்க் எல்லாம் இதில்தான் சேரும்.

நம்ம ஊர் அண்ணன், அக்காக்கள் சிலர் காசு சேர்த்து, சென்னை ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கி வருகிறார்கள். பொருந்தாத போர்டு வந்துட்டா, மாத்தப் போகிற பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போச்சு! அதனால் முதலிலேயே மூன்று விஷயம் பார்க்கணும்.

1. சாக்கெட்: பிராசஸர் உட்காரும் இடம். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு 1700 சாக்கெட். ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.5.

2. சிப்செட்: இது பஸ் ஸ்டாண்டு மாதிரி. எத்தனை பஸ் நிற்கலாம் என்பதுபோல, எத்தனை டிஸ்க், எத்தனை யு.எஸ்.பி. என்று இதுதான் முடிவு செய்யும். 1700 சாக்கெட்டில் எச்610 என்றால் ராம் போட 2 இடம்தான். படிக்கவும் டைப் அடிக்கவும் இது போதும். பி760-ல் 4 இடம் வரை கிடைக்கும். இசட்790 பிராசஸர் வேகத்தைக் கூட்டுபவர்களுக்கு, விலையும் கூட. ராம் டி.டி.ஆர்.4-ஆ, 5-ஆ என்றும் கேளுங்க. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது.

பழைய போர்டு வாங்குபவர்கள் கவனிக்க: 2017-ல் வந்த இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கும் அதற்கு முந்தைய 6, 7-க்கும் சாக்கெட் பெயர் 1151 தான். ஆனால் 300 வரிசை சிப்செட் இல்லாமல் 8-ஆம் தலைமுறை ஓடாது. உள்ளே உட்காரும், வேலை செய்யாது!

3. அளவு: 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். 30.5 × 24.4 செ.மீ. நம்ம பெரிய ஸ்கேலை விடக் கொஞ்சம் நீளம். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 24.4 செ.மீ. சதுரம். மினி ஐ.டி.எக்ஸ். 17 செ.மீ. சதுரம். பெரிய கேபினெட்டில் சின்ன போர்டு மாட்டலாம். சின்னதில் பெரியது மாட்ட முடியாது.

எங்க தெரு அக்கா ஒருத்தங்க தையல் காசில் ஏ.டி.எக்ஸ். போர்டு வாங்கினாங்க. வீட்டில் இருந்ததோ சின்ன கேபினெட். கடையில் திருப்பி எடுக்கவில்லை. கேபினெட்டுக்கும் தனியா செலவு ஆச்சு. போர்டு அளவுக்குப் பழைய செய்தித்தாளை வெட்டி, கேபினெட் உள்ளே வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

விலை அதிகமான போர்டு நல்ல போர்டு இல்லை. நமக்குப் பொருந்துவதே நல்ல போர்டு. சாக்கெட், சிப்செட், அளவு மூன்றையும் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவோம். கேட்டு வாங்குவோம், காசைக் காப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி