பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருமுன் வீட்டார் செய்ய வேண்டியது

காஞ்சிபுரத்தில் நம் பெரியவர்கள் உழைப்புக்கு அஞ்சியவர்கள் அல்லர். தறிக்குழியில் கால்விட்டு நாளெல்லாம் மிதியை மிதித்தவர்கள், ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றவர்கள், சேலை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைந்தவர்கள். கண் மங்கி, முழங்கால் பிடித்துக்கொண்டதும் அத்தனையும் நின்றுவிடுகிறது. தட்டில் விழும் சோறு மட்டும் உழைத்த காலத்து அளவிலேயே இருக்கிறது. முதுமையில் சர்க்கரை ஏற இது ஒரு முக்கியக் காரணம்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. 13 கோடிக்கும் அதிகமானோர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை வந்தால் அதுதான் அந்த நிலை. "கொஞ்சம்தான் கூட இருக்கு" என்று ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். உண்மையில் நாம் ஏதாவது செய்ய முடிகிற காலம் அதுதான்.

இதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், இந்த முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, தினமும் அரைமணி நேரம் வேகமாக நடந்தவர்களில் அது 39 சதவீதமே. உடல் எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 35 முதல் 55 வயதுக்காரர்கள். "வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு?" என்பவர்களுக்கு 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். அங்கே இளையவர்களைவிட 60 வயதைத் தாண்டியவர்களே அதிகப் பலன் பெற்றனர். நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு 71 சதவீதம் குறைந்தது.

வீட்டில் எப்படித் தொடங்குவது? பெற்ற பிள்ளை, அத்தாவின் கையிலிருந்து இனிப்பைப் பிடுங்குவது வேண்டாம். அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டவர். அதை அவமரியாதையாகவே எடுத்துக்கொள்வார், பிறகு கடைக்குப் போய் ஒளிந்து சாப்பிடுவார். வீட்டுச் சமையலே எல்லோருக்கும் மாறட்டும். ஒரு கரண்டி சோறு குறைந்து, கீரையும் அவரையும் சுண்டலும் கூடட்டும். நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் அதிலேயே 40 கிராம் சர்க்கரை போய்விடுகிறது. சர்க்கரைக்குப் பதில் வெல்லம், கருப்பட்டி போட்டாலும் கணக்கு மாறாது. காஞ்சிபுரம் இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும் இருப்பதால் அது சர்க்கரையை ஏற்றாது என்றும் சிலர் நினைக்கிறார்கள். அதுவும் அரிசி இட்லிதான்.

பேரீச்சம்பழமும் தேனும் சுன்னத்தான உணவு என்று சொல்லி அளவின்றிச் சாப்பிடுவோரையும் பார்க்கிறோம். இரண்டு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறப்பது வேறு, கிண்ணம் காலியாகும்வரை சாப்பிடுவது வேறு. வீண் விரயத்தைத் தடுத்த மார்க்கம் இது. ரமலானில் கஞ்சிக்குப் பின் சமோசா, வடை, சர்பத் என்று தொடர்வதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

நடையைப் பொறுத்தவரை, "நடங்க" என்று சொல்வதைவிடக் கூடவே நடப்பது எளிது. ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் திரும்பும்போது பேரனோ மகனோ அகலமான ராஜவீதிகள் பக்கம் ஒரு சுற்று அழைத்துப் போகலாம். போக்குவரத்து குறைவான நேரம் அது. முழங்கால் வலி உள்ளவர் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கட்டும். வீட்டுப் பெண்கள் வெளியே வரத் தயங்கினால் மொட்டை மாடி இருக்கிறது. நம் வீடுகளில் நன்னிமாரை இந்த விஷயத்தில் கேட்பாரே இல்லை.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். தாய் தந்தையில் ஒருவருக்கு நோய் இருந்தவர், இடுப்பளவு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டரைத் தாண்டியவர் எனில் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பெரியவர் காரணமின்றி மெலிந்தாலோ, அடிக்கடி தண்ணீர் குடித்து இரவில் பலமுறை எழுந்தாலோ, உணவுக் கட்டுப்பாட்டை நாமே தொடங்காமல் முதலில் டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.