போலீஸ் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தால் செல்லுமா?

ராத்திரி பத்து மணி. ரீல்ஸ் பார்த்துட்டு இருக்கீங்க. 'நாளை காலை ஸ்டேஷனுக்கு வரவும்'னு வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். டி.பி-யில் காக்கிச் சட்டை. வயிறு கலங்கத்தானே செய்யும்?

கொஞ்சம் பொறுங்க. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாதுன்னு 2025 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 'கோர்ட் சம்மனையே ஆன்லைனில் அனுப்பலாமே, இதுக்கு மட்டும் ஏன் தடை?' என ஹரியானா அரசு மறுபடி போய்க் கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால், இந்த நோட்டீஸுக்குப் போகாவிட்டால் கைது வரை இழுக்கும். ஒருத்தரோட சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்பதால் ஜூலையில் அந்த மனுவும் தள்ளுபடி.

அதுக்காக மெசேஜை டெலீட் பண்ணிட்டுத் தூங்கிடாதீங்க. உண்மையா, ஃபிராடான்னு ஒரு வக்கீலிடமோ பக்கத்து ஸ்டேஷனிலோ கேட்டுடுங்க. வீடியோ காலில் 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு மிரட்டினால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. காலை கட் பண்ணிட்டு 1930-க்கு அடிங்க.

சரி, நிஜமாகவே கைது என்றால்?

ஊத்துக்கோட்டையை எடுத்துக்குவோம். ஆந்திர எல்லை ஊர். தமிழில் ஆரம்பிக்கிற பேச்சு தெலுங்கில் முடியும். அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போனால் இந்தியும் ஒடியாவும் கேட்கும். இப்படிப்பட்ட இடத்தில், 'எதுக்கு சார் பிடிக்கிறீங்க?' என்ற கேள்விக்கு எந்த மொழியில் பதில் வரணும்?

கைதாகிறவருக்குப் புரியும் மொழியில், அதுவும் எழுத்தில். 2025 நவம்பரில், மும்பை வொர்லி கார் விபத்து வழக்கையொட்டி வந்த தீர்ப்பு இது. எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும். உடனே எழுதித் தர முடியாத சூழல் என்றால் முதலில் வாயால் சொல்லலாம். ஆனால், ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது அந்தத் தாள் கைக்கு வந்தாகணும். வராவிட்டால் கைதே சட்டவிரோதம். ஆக, ஒடியா மட்டுமே தெரிந்த தொழிலாளியிடம் தமிழில் எழுதி நீட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டால் கணக்கு தீராது.

அந்த 2 மணி நேரம் எதுக்கு? வக்கீல் அதைப் படிச்சுட்டு ரிமாண்டை எதிர்த்துப் பேசத்தான். வக்கீலுக்குக் காசு இல்லையா, 15100-ல் இலவச சட்ட உதவி கேட்கலாம். கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். பயண நேரம் இதில் சேராது. டாக்டர் பரிசோதனையும் கட்டாயம். காயம் இருந்தால் டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் வாய் திறந்து சொல்லணும். சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19-ல் போலீஸ் பிடித்துப்போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் மறுநாள் ரிமாண்ட் ஆகி கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். ரிமாண்ட் என்பது வெறும் கையெழுத்துச் சடங்கா ஆகிட்டா என்ன நடக்கும் என்பதை நினைச்சாலே பதறுது.

இன்னொண்ணு. கைது விவரத்தை நீங்கள் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸ் தெரிவிக்கணும். அந்த நேரம் உங்க போன் உங்க கையில் இருக்காது. அம்மா நம்பர் மனப்பாடமா தெரியுமா?