சிரட்டையில் பெயர் வெட்டும் லேசர்

பெரியம்மா 1977 இனவன்முறையின்போது பதுளைத் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர். அம்மாயியின் பெயர் வெட்டிய பித்தளைச் செம்பை அவர் 2009 இல் முள்ளிவாய்க்காலில் இழந்தார். அந்தப் பெயரை மறுபடி வெட்டிக் கொடுக்கவே வீட்டில் இந்தக் கருவியைச் செய்தேன்.

சிறிய நீல டயோட் லேசரால் பித்தளையில் வெட்ட முடியாது. ஒளியில் ஒரு பகுதி திரும்பிவிடும். மீதி வெப்பம் உலோகத்தில் பரவிவிடும். சிரட்டையோ கருகி எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மேற்பகுதியை மட்டும் அறுத்த ஒரு சிரட்டையை எடுத்தேன்.

சிக்கல் வளைவுதான். லேசரின் வில்லை குறித்த தூரத்தில் மட்டுமே ஒளியை ஊசிமுனையாகக் குவிக்கும். 5 சென்ரிமீற்றர் ஆரமுள்ள சிரட்டையில், உச்சியிலிருந்து 2 சென்ரிமீற்றர் விலகினாலே பரப்பு 4 மில்லிமீற்றர் தாழ்ந்துவிடும், எழுத்து மங்கும். ஆகவே லேசரை முன்பின்னாக நகர்த்தும் மோட்டாரைக் கழற்றி, சிரட்டையைச் சுழற்றும் அச்சில் பூட்டினேன். இப்போது எழுதும் இடம் எப்போதும் உச்சிக்கு வரும்.

மோட்டார் ஒரு சுற்றுக்கு 3200 அடி வைக்கிறது. சிரட்டையின் சுற்றளவு 314 மில்லிமீற்றர். வகுத்தால் மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 10.2 அடி. இதை மென்பொருளில் கொடுக்காவிட்டால் எழுத்து இழுபட்டோ நசுங்கியோ போகும். சிரட்டை பக்கவாட்டிலும் வளைவதால் எழுத்தின் உயரத்தை 2 சென்ரிமீற்றருக்குள் வைத்தேன். அங்கே ஓரத்தில் தாழ்வு 1 மில்லிமீற்றர்தான்.

தெறிக்கும் ஒளியும் கண்ணைப் பறிக்கும். அந்த நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி கட்டாயம். புகை வெளியே போக வழியும் வேண்டும்.

பெரியம்மா எழுத்துகளை விரலால் தடவி வாசித்தார். அடுத்த சிரட்டையில், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பெயரை வெட்டித் தரச் சொன்னார்.