பல்லியமும் பொதுமக்களும்

பல கருவிகள் ஒருங்கிசைக்கும் பல்லியம் செல்வர்க்கே உரியதெனப் பலருங் கருதிய காலத்தில், 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், இலண்டன் குயீன்ஸ் மண்டபத்தில் 'புறொமனாட்' இசையரங்குகள் தொடங்கின. அவற்றை வகுத்தவர் மண்டப முகாமையாளர் றொபேட் நியூமன். பல்லியத்தை நடத்தியவர் இருபத்தாறு வயதினரான ஹென்றி வூட்.

கட்டணம் ஒரு சிலிங். நின்றும் உலாவியுங் கேட்கலாம், பெயர்க்காரணமும் அதுவே. உண்ணலும் புகைத்தலுங்கூட விலக்கப்படவில்லை. எளியோரை ஈர்த்தற்கு இவை போதும். ஈர்க்கப்பட்டோர் செவியைப் பண்படுத்தலன்றோ அரிது! ஆதலின் தொடக்கத்தில் எளிய உருப்படிகளை மிகுதியாக வைத்து, பின்னர்த் திங்கட்கிழமையை வாக்னருக்கும் வெள்ளிக்கிழமையைப் பீதோவனுக்கும் உரியவாக்கினர். புதியன புகுத்தவும் வூட் அஞ்சினாரல்லர். 1912இல் ஷோன்பேர்க்கின் ஐந்து பல்லிய உருப்படிகளை அவையோர் பலர் சீறி இகழ்ந்தனர். 1914இல் அவ்வாசிரியரே அம்மண்டபத்திற்கு வந்து அவற்றை நடத்தினார்.

கட்டணம் மலிவாயின் வாசிப்பும் மலிவாகலாம் என்பது வூடுக்கு உடன்பாடன்று. வேறிடத்திற் கூலி கூடுதலாகக் கிடைப்பின், ஒத்திகைக்கு வந்த வாத்தியகாரர் அரங்கிற்குப் பதிலாளை அனுப்பும் வழக்கம் அக்காலத்திருந்தது. 1904இல் இது தடுக்கப்படவே, ஏறக்குறைய நாற்பதின்மர் விலகி இலண்டன் சிம்பொனிப் பல்லியத்தை நிறுவினர். இழப்புப் பெரிதே, எனினும் ஒத்திகை பார்த்தவரே அரங்கேறினர். 1913இல் பெண்டிரும் பல்லியத்திற் சேர்க்கப்பட்டனர்.

1927இல் அரங்குகளின் பொறுப்பைப் பீ.பீ.சி. ஏற்றது. 1941 மே 10ஆம் நாள் இரவு குண்டுவீச்சில் மண்டபம் எரிந்தழிய, அரங்குகள் றோயல் ஆல்பேட் மண்டபத்திற்கு மாறின. 1944 யூலை 28இல் பீதோவனின் ஏழாஞ் சிம்பொனியை நடத்திய வூட், ஆகஸ்ட் 19இற் காலமானார். நின்று கேட்போர்க்குரிய மலிவுச் சீட்டு இன்றும் விற்கப்படுகின்றது.